வாய்ப்பெட்டிக்குள் இடம் கொடுக்கிறவன்

ஷஃபான் 3, செவ்வாய்

போன ரமலானில் விட்டுப்போன களா நோன்பில் இன்று ஒன்று கழிந்தது. மூன்று பாக்கி. ரமலானுக்குள் முடித்துவிட வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஸரத் வந்திருந்தார். மகள் நுஸ்ரத்துடைய நிக்காஹ் இந்த மாதம் இருபத்திரண்டு, ஞாயிறு. பெண்ணுக்கு வலீ அவளுடைய வாப்பா. மாப்பிள்ளையைப் பார்த்து "கொடுத்தேன்" என்று அவர்தான் சொல்ல வேண்டும். நுஸ்ரத் வாப்பாவுக்கு வாதம் வந்து வாய் போய் ஒன்றரை வருஷமாகிறது. வலது கையும் விளங்காது. இடது கையும் புத்தியும் அல்லாஹ் மிச்சம் வைத்தான்.

வாய் பேச முடியாதவருக்குச் சைகையே போதும், இல்லாவிட்டால் அவருடைய தம்பியை வகீலாக வைத்துச் சொல்லச் சொல்லலாம், மார்க்கத்தில் இடம் உண்டு என்று ஹஸரத் சொன்னார். நுஸ்ரத் வாப்பா பெட்டியில் "வேண்டாம்" அழுத்தினார். ஹஸரத் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் "வேண்டாம்."

பெட்டி என்பது நுஸ்ரத் காலேஜில் கடைசி வருஷம் செய்தது. ஒரு சின்ன போர்டு, ஒரு ஸ்பீக்கர், வரிசையாகப் பட்டன்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வாக்கியம். குரல் அவருடையதுதான். அபுதாபியில் வேலை பார்த்தபோது அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் நுஸ்ரத் வெட்டி, சொல் சொல்லாக எடுத்து வைத்திருக்கிறாள். வீட்டில் அதற்கு வாய்ப்பெட்டி என்று பெயர்.

நிக்காஹ் வாக்கியத்துக்கும் ஒரு பட்டன் வைத்திருக்கிறோம். ஹஸரத் முன்னால் ஒத்திகை பார்த்தோம். "என் மகள் நுஸ்ரத்தை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் சுடுதண்ணி" என்றது பெட்டி. கதவுக்குப் பின்னால் நுஸ்ரத் சிரித்துவிட்டாள். இரண்டாம் முறை அழுத்தியபோது பெட்டி பேச்சு மூச்சில்லாமல் நின்றுவிட்டது. தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை நெருங்கினால் அப்படித்தான் நிற்கிறது. அணைத்துத் திரும்பப் போட்டால் மறுநாள் வரை ஓடும்.

ஹஸரத் கோபப்படவில்லை. ஆனால் தீர்த்துச் சொன்னார். "ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இது அவர் சொன்னதா பெட்டி சொன்னதான்னு சபையில ஒருத்தருக்கும் சந்தேகம் வரக்கூடாதும்மா. வந்துச்சுன்னா நான் தம்பியை வகீலா வச்சுத்தான் முடிப்பேன்."

அவர் போன பிறகு நுஸ்ரத் வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பருப்பு ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஷஃபான் 4, புதன்

பெட்டியை நானே பார்க்கிறேன் என்று நுஸ்ரத்திடம் சொன்னேன். அவளுக்கு ஆபீஸ் வேலை வீட்டிலிருந்தே நடக்கிறது, தையல்காரர் ஒரு பக்கம், சம்மந்தி வீட்டு ஆட்கள் ஒரு பக்கம். அவள் காலேஜில் சி என்கிற கம்ப்யூட்டர் மொழி படித்தபோது பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டுக்கேட்டு நானும் படித்தேன். அவள் பரீட்சையோடு விட்டாள். எனக்கு விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

பெட்டி ஏன் நிற்கிறது என்று கண்டுபிடித்தது அவள்தான். பெட்டிக்குள் மெமரியைப் பங்கிட ஒரு பகுதி இருக்கிறது. அலோகேட்டர் என்பார்கள். போர்டு வாங்கும்போது கூடவே வருவது. ஒரு சொல்லைப் பேச வேண்டுமென்றால் அதன் ஒலிக்கு இவ்வளவு இடம் கொடு என்று அதைக் கேட்க வேண்டும். பேசி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எனக்கு அது விருந்துப் பந்தலாகத் தெரிந்தது. ஒரு சஹன் தட்டைச் சுற்றி இத்தனை பேர் என்று கணக்காக உட்கார வைக்காமல், வந்தவர்களை வந்த இடத்தில் உட்காரவிட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இடம் காலியாக இருக்கும். ஒரு குடும்பம் வந்தால் சேர்ந்து உட்கார இடமிருக்காது. காலி இடத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏராளம். ஆனாலும் வந்தவர்கள் நிற்கிறார்கள். "நிக்காஹ்" நீளமான சொல். அஸர் நேரத்துக்கு அதற்கு இடம் கிடைப்பதில்லை.

இந்த இடம் கொடுக்கிறவனை எடுத்துவிட்டு, சஹன் கணக்கில் இடம் கொடுக்கிற ஒருவனை நான் எழுதப்போகிறேன். சின்னது, நடுத்தரம், பெரியது. மூன்றே அளவு.

"கம்பெனிக்காரன் கொடுத்ததை எடுத்துட்டு நீங்க எழுதப் போறீங்களா உம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப நான் புடவையைப் பாக்கிறேன்" என்று போய்விட்டாள்.

ஷஃபான் 5, வியாழன்

தங்கை பல்கீஸ் வந்து பலகாரத்துக்கு மாவு சலித்துக் கொடுத்தாள்.

சலித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து நுஸ்ரத் வாப்பா கூப்பிட்டார். "இங்கே வா மைமூன்." போனேன். "தண்ணி வேணும் மைமூன்." கொடுத்தேன்.

பல்கீஸுக்குச் சும்மா இருக்க முடியாது. "வாய் இருந்தப்ப வராத பேரு, வாய் போனப்புறம் வருதே லாத்தா. மச்சானுக்கு வாதம் வந்தது உனக்கு நல்லதாப் போச்சு" என்றாள். அப்படியெல்லாம் பேசாதே என்று கண்டித்தேன்.

அவள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. எங்கள் வீடுகளில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. கல்யாணமான புதிதில் "இந்தா". பிறகு "நுஸ்ரத் உம்மா". அபுதாபி போனிலும் அதேதான். அழைக்கிற பட்டனுக்கு நுஸ்ரத் என் பெயரை எடுத்ததே, வீட்டுக்கு அனுப்பிய பார்சலைப் பற்றி அவர் யாருக்கோ சொன்ன ஒரு மெசேஜிலிருந்து: "மேல மைமூன்னு எழுதி ஒட்டியிருக்கு."

இப்போது அழைப்பதோடு நிற்பதில்லை. அதற்குப் பின்னால் எது கேட்டாலும் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார். மாத்திரை கொடு மைமூன். ஜன்னல் திற மைமூன். பெயருக்கென்று தனிப் பட்டன் கிடையாது. அழைக்கிற பட்டனை ஒரு மாதிரி அழுத்தி அதை மட்டும் எடுக்கிறார் போலிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டதில்லை. வியாதி மனுசரை மாற்றும்.

மாவு இரண்டு தவலை வந்தது.

ஷஃபான் 8, ஞாயிறு

சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். அடுப்பு மூட்டும் வரை புதியவனை எழுதலாம்.

ஒரு இடம் திரும்பி வந்தால் அதைத் துடைத்துச் சுத்தமாக்கி, பிறகுதான் அடுக்கில் வைக்க வேண்டும் என்று எழுதினேன். பழையவன் அதைச் செய்வதில்லை. எச்சில் தட்டை அப்படியே அடுக்கில் ஏற்றி, அடுத்து யார் கேட்டாலும் அதையே நீட்டுகிறான். நுஸ்ரத் எட்டிப் பார்த்தாள். எதற்கு இந்த வேலை, அடுத்து வருகிறவர் அதன் மேலேயே எழுதிக்கொள்வார், பெட்டிக்கு நேரம் வீண் என்றாள். காலேஜில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்களாம். சரியாகத்தான் இருக்கும். என்னால் கழுவாமல் அடுக்க முடியாது.

ஷஃபான் 10, செவ்வாய்

நோன்பு. இரண்டு பாக்கி.

புதியவனை ஏற்றினேன். பெட்டி எழுந்தது, விழுந்தது, எழுந்தது, விழுந்தது. மஃரிப் வரை இதே. நுஸ்ரத் வாப்பா இன்று முழுக்க வாயில்லாமல் இருந்தார். எது வேண்டுமானாலும் கட்டிலில் தட்டினார்.

ஷஃபான் 11, புதன்

மெமரி முழுவதையும் என் மூன்று அளவுக்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெட்டி தன் சொந்த வேலைக்குக் காலை நீட்ட இடமில்லை. பேராசை. ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தேன். எழுந்து நின்றுவிட்டது.

ஷஃபான் 12, வியாழன்

காலையிலிருந்து இஷா வரை ஒரு முறைகூட நிற்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். நிக்காஹ் வாக்கியத்தை நுஸ்ரத் பலமுறை அழுத்திப் பார்த்தாள். ஒட்டும் இல்லை, வெட்டும் இல்லை. சுடுதண்ணி வரவில்லை.

சாயங்காலம் நுஸ்ரத் வாப்பா தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு "சரியில்லை" அழுத்தினார். தண்ணீரில் என்ன சரியில்லை? பானையைக் கழுவி வேறு தண்ணீர் ஊற்றினேன். அதற்கும் "சரியில்லை."

ஷஃபான் 14, சனி

பராஅத் இரவு. மஃரிபுக்குப் பிறகு மூன்று யாசீன் ஓதினோம். ஆயுளுக்கு ஒன்று, துன்பம் பலாய் நீங்க ஒன்று, யாரிடமும் கையேந்தாமல் இருக்க ஒன்று. நுஸ்ரத் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓதினாள். ரொட்டியும் வாழைப்பழமும் தெருவில் கொடுத்தனுப்பினோம்.

"சரியில்லை" தொடர்கிறது. தலையணை மாற்றினேன். ஃபேனைக் குறைத்தேன், கூட்டினேன். ஆணத்தில் உப்பு அதிகமோ என்று பல்கீஸை ருசி பார்க்கச் சொன்னேன். உப்பு சரியாக இருக்கிறது, மச்சானுக்குத்தான் மகள் போகிற கவலை என்றாள். மகள் எங்கேயும் போகவில்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதைச் சொன்னேன்.

ஒன்று எழுத வேண்டும். புதியவனை ஏற்றியதிலிருந்து அவர் என் பெயரைச் சேர்ப்பதில்லை. "இங்கே வா மைமூன்" வருகிறது. "தண்ணி வேணும்" என்று நின்றுவிடுகிறது. என் வேலையில் எங்கோ ஒரு சொல் தொலைகிறது. இங்கே தொலைகிற சொல் நிக்காஹிலும் தொலையலாம். ஒன்று குறையவும் கூடாது என்று ஹஸரத் சொல்லியிருக்கிறார்.

ஷஃபான் 16, திங்கள்

இரண்டு நாளாக என் எழுத்தை வரிவரியாகப் பார்த்தேன். கேட்ட இடமெல்லாம் கொடுத்திருக்கிறான். கொடுத்ததெல்லாம் திரும்பி வந்திருக்கிறது. எதுவும் தொலையவில்லை.

பிறகு நுஸ்ரத் எழுதிய பழைய பகுதியைப் படித்தேன். இதுவரை அதைத் திறந்ததில்லை.

ஒவ்வொரு சொல்லும் ஒரு இடத்தில் உட்காருகிறது. அந்த இடத்தின் ஓரத்தில், அடுத்த சொல் எங்கே இருக்கிறது என்று ஒரு குறிப்பு. கடைசிச் சொல்லின் ஓரத்தில் "இனி ஒன்றுமில்லை" என்று எழுத வேண்டும். பிள்ளை அதை எழுதவில்லை. வருகிற இடம் சுத்தமாக இருக்கும் என்று நம்பிவிட்டாள். பழையவன் கழுவாதவன்.

"இங்கே", "வா", "மைமூன்" என்று மூன்று இடம். பேசி முடித்துத் திரும்பிப் போயின. அடுத்து "தண்ணி வேணும்" அழுத்தினால் "தண்ணி" முதல் இடத்தில், "வேணும்" இரண்டாவது இடத்தில். இரண்டாவதன் ஓரத்தில் பழைய குறிப்பு அப்படியே இருக்கிறது: அடுத்தது மூன்றாவது இடம். மூன்றாவதில் என் பெயர், கழுவாமல். பெட்டி அதையும் பேசிவிட்டது.

மாத்திரை கொடு. ஜன்னல் திற. எல்லாம் இரண்டு சொல். "வேண்டாம்" போல ஒற்றைச் சொல்லுக்குக் குறிப்பே கிடையாது.

சுடுதண்ணி வந்ததும் இதே வழியில்தான். அன்றைக்கு அதைப் பிழை என்று எழுதி வைத்தேன். என் பெயர் வந்ததை அப்படி எழுதவில்லை.

நுஸ்ரத்திடம் சொல்லவில்லை. கடைசிச் சொல்லின் ஓரத்தில் எழுத வேண்டியதை எழுதிவிட்டேன்.

ஷஃபான் 17, செவ்வாய்

நோன்பு. ஒன்று பாக்கி. துணி துவைத்தேன். மீன் வாங்கவில்லை.

ஷஃபான் 18, புதன்

காலையில் அவர் தூங்கும்போது பழையவனைத் திரும்ப ஏற்றினேன். எழுதியதையும் எடுத்துவிட்டு, பெட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோய், சத்தத்தைக் குறைத்து அழைக்கிற பட்டனை அழுத்தினேன். பிறகு தண்ணீர்ப் பட்டனை.

ஒரு முறை கேட்டேன். புதியவனை ஏற்றிக் கட்டிலோரம் வைத்துவிட்டேன்.

ஷஃபான் 19, வியாழன்

கடைசி நோன்பு. களா முடிந்தது. அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும்.

அஸருக்குப் பிறகு ஹஸரத் வந்தார். மாப்பிள்ளையின் வாப்பாவும் கூட வந்தார். பெண்கள் நாங்கள் திரைக்குப் பின்னால். நுஸ்ரத் வாப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டுச் சாய்த்து உட்கார வைத்திருந்தேன்.

"என் மகள் நுஸ்ரத்தை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்." சொன்னதும் நின்றது. மாஷா அல்லாஹ் என்றார் ஹஸரத். இன்னொரு முறை கேட்டார். அதே வாக்கியம், அதே அளவு.

அப்போது நுஸ்ரத் வாப்பா "சரியில்லை" அழுத்தினார்.

 சம்மந்தி தொண்டையைச் செருமினார். நுஸ்ரத் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். 

ஹஸரத் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, அண்ணனை அழைக்கிற முறையில் கேட்டார். "காக்கா, தெளிவாக் கேக்கிறேன். மாப்பிள்ளை உங்களுக்குப் புடிக்கலியா?"

"வேண்டாம்" பட்டனுக்குப் பதிலாக அவர் கையை இல்லை என்று ஆட்டினார்.

"இந்தச் சம்பந்தத்துல மனக்குறை உண்டா?"

அதற்கும் ஆட்டினார்.

"அப்ப பெட்டிதான் சரியில்லையா?"

தலையசைத்தார். சம்மந்தி மூச்சுவிட்டது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

பெட்டிக்கு என்ன என்று ஹஸரத் கேட்டார். நுஸ்ரத் வாப்பா அழைக்கிற பட்டனை அழுத்தினார். "இங்கே வா மைமூன்." பிறகு தண்ணீர்ப் பட்டன். "தண்ணி வேணும்." தன் காதைத் தொட்டுக் காட்டினார். காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கையை விரித்துக் காட்டினார். ஹஸரத்துக்குப் புரியவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் அதைத் தள்ளிவிட்டு, மறுபடியும் காதைத் தொட்டு, விரலைத் திரைப் பக்கம் நீட்டினார்.

"ஹஸரத்," என்றேன். திரைக்கு இந்தப் பக்கமிருந்து நான் பேசியது எனக்கே கேட்டது. "முன்னாடி பெட்டி ஒரு சொல்லை அதுவாச் சேத்துச் சொல்லிக்கிட்டிருந்துச்சு. பிழைன்னு நான் எடுத்துட்டேன். அதைத்தான் கேக்கிறாங்க. நிக்காஹ் வாக்கியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"என்ன சொல்லும்மா?"

பல்கீஸ் என்னைப் பார்த்தாள். நான் பேரீச்சம்பழத் தட்டை எடுத்தேன்.  ஹஸரத் எழுந்தார். "வாக்கியம் சரி, மனசும் சரி. ஞாயித்துக்கிழமை அவரே சொல்லட்டும்" என்றார்.

பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினோம். நோன்பு திறக்க நேரமாகிவிட்டது.

ஷஃபான் 20, வெள்ளி

கடைசி வரிசை மூலையில் ஒரு பட்டன் சும்மா கிடந்தது. அதில் ஒரே ஒரு சொல்லை வைத்தேன். பட்டன் மேல் எழுத்து எதுவும் எழுதவில்லை. பச்சைப் பொட்டு ஒன்று ஒட்டினேன்.

தண்ணீரோடு அதை நானே சேர்த்து வைத்திருக்கலாம். ஒரு வரி வேலை. செய்யவில்லை. செய்தால் அதைச் சொல்கிறவள் நானாக இருப்பேன்.

அவரிடம் காட்டி, இதுதான் என்றேன். முன்னாடி வந்தது பெட்டியின் கோளாறு, இது கோளாறில்லை, அழுத்தினால்தான் வரும் என்றேன். கேட்டுக்கொண்டார். அழுத்திப் பார்க்கவில்லை. இடது கை அந்த மூலைக்குப் போவது கஷ்டம். வேறு பட்டன் காலியில்லை.

ஷஃபான் 21, சனி

பந்தல் போட்டாயிற்று. ஆட்கள். சாப்பாடு நானூறு சஹன் என்று சொல்லியிருக்கிறது. பச்சைப் பட்டனை அவர் தொடவில்லை. வேலை சரியாக இருந்தது, நானும் அடிக்கடி உள்ளே போகவில்லை.

ஷஃபான் 22, ஞாயிறு

நிக்காஹ் வாசல் பந்தலில், அஸருக்குப் பிறகு. ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். பெட்டியை மடியில் வைத்து, ஸ்பீக்கருக்கு நேராக மைக்கைப் பிடித்திருந்தார்கள். தெருக்கோடி வரை ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தது.

குத்பா உரை முடிந்தது. ஹஸரத் மஹரைச் சொன்னார், சாட்சிகளைச் சொன்னார்.  உள்ளே குழந்தைகளின் வாயைக்கூட யாரோ பொத்தினார்கள். நான் யாசீனை மனசுக்குள் ஆரம்பித்தேன், எங்கே நிறுத்தினேன் என்று நினைவில்லை.

"என் மகள் நுஸ்ரத்தை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்."

அதற்குப் பின் ஒன்றுமில்லை. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். துஆ ஓதினார்கள். நுஸ்ரத் அழுதாள், பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். சர்க்கரை கொடுக்கத் தட்டை எடுத்தேன்.

மைக்கை யாரும் அணைக்கவில்லை.

"தண்ணி வேணும்" என்றது குழாய். பந்தலில் யாரோ சிரித்தார்கள். தண்ணி எடு, தண்ணி எடு என்று குரல் கேட்டது. நான் தட்டோடு நின்றேன். ஒரு கை தண்ணீர்ப் பட்டனிலிருந்து கடைசி வரிசை மூலைக்குப் போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் போயிற்று.

"மைமூன்."

தெரு முழுக்கக் கேட்டது.  உள்ளே பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாப்பிள்ளையின் உம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டார். "ஊருக்கே அறிவிச்சுட்டாங்க லாத்தா, இனி நீ ஒளிய முடியாது" என்றாள் பல்கீஸ். தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன். பல்கீஸ் அதை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தாள். வெளியே ஆம்பிளைகளிடம் கொடுத்துவிடலாம், தண்ணீர் அங்கேயே இருக்கிறது என்றாள்.

அங்கே இருப்பது எனக்கும் தெரியும். கேட்டது என்னிடம் என்றேன்.

துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு செம்போடு வாசல் இறங்கினேன். இத்தனை வருஷத்தில் ஆண்கள் சபைக்குள் நான் போனதில்லை. ஹஸரத் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டார். மற்றவர்களும் ஒதுங்கினார்கள்.

குடித்தார். சிந்தவில்லை.